பாதி முகத்தில் பழகியவர்கள்

சாமை அறுப்பு முடிந்திருந்த சமயம். பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் என் மகள் தேன்மொழி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். “நைனா, தூக்கிக்கோ” என்றாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. அந்த ஏற்றத்தில் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்போது, அவள் முன்னால் ஓடிப்போய் மேலே நின்று சிரிக்கிறவள். சோம்பல் என்று நினைத்துத் தூக்கினேன். என் கை பட்ட இடத்தில் “வலிக்குது” என்றாள். முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. விழுந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டைச் சேர்ந்த ஒரு சிற்றூர் எங்களுடையது. அங்கே கிளைத் தபால் அலுவலகம் என் பொறுப்பில் இருக்கிறது. கொஞ்சம் நிலமும் சில புளியமரங்களும் உண்டு. என் மனைவி சாந்தி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

பிள்ளைக்கு இந்த நோய் என்று இன்றோ நேற்றோ தெரிந்துகொண்டு, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்காக இதை எழுதுகிறேன். மருந்துகளைப் பற்றி டாக்டர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது முகக்கவசத்தைப் பற்றி. அது எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்பது ஒரு பக்கம். அதைப் போட்டுக்கொண்டு வாழ்ந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் வருவதும் விடுவதுமாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் தேனுவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. கழுத்தைத் தடவினார், வயிற்றை அழுத்தினார். “திருப்பத்தூர் போயி ரத்த டெஸ்ட் பண்ணிடுங்க. இன்னிக்கே போங்க” என்றார். ‘இன்னிக்கே’ என்பதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஜீப் ஏறினோம். திருப்பத்தூரில் ரத்தம் பார்த்தவர்கள் எங்களை அங்கே நிறுத்தவில்லை. அன்று மாலையே சமவெளியில் ஒரு பெரிய குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தோம்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை (இடுப்பெலும்புக்குள் ஊசி செலுத்தி, ரத்தம் உருவாகும் இடத்திலிருந்து சிறிது எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். முடிவைச் சொல்ல எங்கள் இருவரையும் ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டார் டாக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி. சுற்றி வளைக்கவில்லை. “குழந்தைக்கு லுக்கேமியா” என்றார். (ரத்தப் புற்றுநோய். முதிராத வெள்ளையணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.)

சாந்திதான் கேட்டாள். “கொணமாயிடுமா மேடம்?”

“கொழந்தைங்களுக்கு வர்ற இந்த வகை நிறைய பேருக்குக் குணமாகுதும்மா. ஆனா ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். நடுவுல இன்ஃபெக்ஷன் வராம பாத்துக்கணும். எனக்கு நோயை விட அதுலதான் பயம்.”

பிறகு சாந்தியின் வயிற்றைப் பார்த்தார். கீமோதெரபி (புற்றணுக்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சை) நடக்கும்போது அந்த மருந்து பிள்ளையின் சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும், கர்ப்பிணிப் பெண் அதைக் கையாளக் கூடாது என்று விளக்கினார். “கூட ஒருத்தர்தான் இருக்கலாம். அது நீங்களா இருக்கணும்” என்று என்னிடம் சொன்னார்.

அந்த அறையிலேயே எங்களுக்கு முகக்கவசம் கொடுத்துவிட்டார்கள். சாந்தி தன் தங்கையோடு மலைக்குத் திரும்பும்போது, கவசத்தோடே குனிந்து தேனுவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். தேனு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, பேப்பர் மாதிரி இருக்குது” என்றாள். சாந்தி சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. வாய் மூடியிருந்தது.

வார்டு சிஸ்டர் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உள்ளே கால் வைக்கும் முன் கை கழுவிவிட்டுப் புதிய கவசம் போட வேண்டும். மூக்கிலிருந்து தாடைவரை மூடியிருக்க வேண்டும். பேசுவதற்காகத் தாடைக்கு இறக்கக் கூடாது. நனைந்துபோனால் மாற்ற வேண்டும். பிள்ளை தன் அறையில், தன் படுக்கையில் இருக்கும்போது அதற்குக் கவசம் தேவையில்லை. எக்ஸ்ரேவுக்கோ ஸ்கேனுக்கோ நடைபாதை வழியாகக் கூட்டிப்போகும்போதும், வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலும் கட்டாயம் வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் போடவே கூடாது, மூச்சு முட்டினால் அவர்களுக்குக் கழற்றத் தெரியாது. மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் கூடாது.

“சளி புடிச்சவங்க மாஸ்க் போட்டுக்கினு வரலாமா சிஸ்டர்?” என்று கேட்டேன். மலையிலிருந்து யாராவது பார்க்க வருவார்கள் என்ற நினைப்பு.

“வரவே கூடாது. மாஸ்க்கு நல்லா இருக்கிறவங்களுக்கு. நாம நல்லாத்தான் இருக்கோம்னு நெனச்சிக்கினே கொண்டாந்துடுவோம் இல்ல, அதுக்கு.”

இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் இதிலிருந்து விளங்கிவிடும்.

அங்கே எல்லாரும் ‘கவுண்ட்’ என்றுதான் பேசுவார்கள். நியூட்ரோஃபில் (கிருமிகளோடு முதலில் மல்லுக்கட்டும் வெள்ளையணு) எவ்வளவு இருக்கிறது என்பதே அந்தக் கவுண்ட். மருந்து ஏறிய சில நாட்களில் அது தரைக்கு இறங்கும். அப்போது பிள்ளைக்கு ஒரு சாதாரணச் சளிகூட நெஞ்சுக்குள் இறங்கிவிடலாம். கவுண்ட் ஏறும்வரை நாங்கள் தும்மலுக்கும் பயந்து வாழ்ந்தோம்.

ரஃபீக் பாய் எங்களுக்குப் பக்கத்து அறை. வாணியம்பாடிக்காரர். தோல் கம்பெனியில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கும் பிரிவில் சூப்பர்வைசர். அவருடைய மகன் அஸ்லமுக்கும் இதே நோய், எங்களுக்குச் சில மாதங்கள் முன்னால் வந்தவர்கள். அவர் வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் இருந்ததால் அவரே துணைக்கு இருந்தார். அந்த வார்டில் துணைக்கு இருந்தவர்களில் ஆண்கள் நாங்கள் இருவர்தான்.

முதல் நாள் நான் கைகழுவும் இடத்தில் கவசத்தின் எந்தப் பக்கம் வெளியே வரும் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். “நீலம் வெளிய இருக்கணுங்க. மேல கம்பி இருக்குது பாருங்க, அத மூக்கு மேல அழுத்திடுங்க” என்று ஒரு குரல் வந்தது. திரும்பினேன். கண்கள் மட்டும் தெரிந்தன. புருவம் அடர்ந்த, சிரிக்கும்போது ஓரங்களில் சுருங்கும் கண்கள். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘போஸ்ட் மாஸ்டர்’.

நான் சாப்பிடவோ துணி துவைக்கவோ வெளியே போனால் அவர் தேனுவைப் பார்த்துக்கொள்வார். அவர் தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ போனால் நான் அஸ்லமைப் பார்த்துக்கொள்வேன். இருவரும் ஒரே நேரத்தில் வெளியே போனதே இல்லை. ஒருமுறைகூடச் சேர்ந்து சாப்பிட்டதில்லை, ஒரு டீ குடித்ததில்லை. அதனால் அத்தனை மாதங்கள் பழகியும் அவருடைய மூக்குக்குக் கீழே எப்படி இருக்கும் என்று நான் பார்க்கவில்லை. அவரும் என்னுடையதைப் பார்க்கவில்லை. அப்போது அது எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

அஸ்லம் தேனுவைவிட ஒரு வயது சின்னவன். வாய் ஓயாது. “போஸ்ட் மாமா, உங்க மலையில கரடி இருக்குதா?” என்பான். இருக்கிறது என்பேன். “அதுக்கு லெட்டர் வருமா?” என்பான். இரண்டு அறைகளுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. கவுண்ட் இறங்கியிருக்கும் நாட்களில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. கண்ணாடியின் இந்தப் பக்கம் தேனு வாயை வைத்து ஊதி விரலால் எழுதுவாள், அந்தப் பக்கம் அவன் எழுதுவான். அவனுக்கு எழுத்து இன்னும் சரியாக வராது. மீன் வரைவான்.

எனக்கு மகன் பிறந்த செய்தி அந்த வார்டில்தான் வந்தது. சாந்தியின் தங்கை திருப்பத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். தேனுவுக்கு அப்போது கவுண்ட் அடியில் இருந்தது. நான் போக முடியாது. போனை வைத்துவிட்டு நின்றபோது பாய் என் முகத்தைப் பார்த்து, அதாவது என் கண்களைப் பார்த்து, “வூட்ல ஆச்சா?” என்றார். “பையன்” என்றேன். என்னைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தவர், சிஸ்டர் நிற்பதைப் பார்த்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். “நல்லா இருப்பான் போஸ்ட் மாஸ்டர். அக்காவையும் அவனையும் ஒண்ணா உங்க மலை ஏத்தத்துல ஓட வுடுவீங்க.”

நல்ல சேதி அஸ்லமுக்கும் வந்தது. நோய் அடங்கிவிட்டது, இனி சிகிச்சையின் அடுத்த கட்டம், இடையில் சில நாட்கள் வீட்டுக்குப் போய் வரலாம் என்றார் டாக்டர். “கவுண்ட் இன்னும் கம்மிதான். வீட்ல யாரையும் சேக்காதீங்க. கண்டிப்பா பாக்கணும்னா மாஸ்க்கோட, தள்ளி நின்னு. சளி இருந்தா வாசலோட சரி” என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். அது பெருநாள் சமயம். அஸ்லம் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தேனுவிடம் காட்டினான்.

பெருநாள் முடிந்த சில நாட்களில் அவர்கள் காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள். அஸ்லம் பேசவில்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போயிற்று. நெஞ்சில் நிமோனியா (நுரையீரல் அழற்சி) என்றார்கள். சாதாரண ஃப்ளூ வைரஸ்தான், மற்றப் பிள்ளைகளுக்கு வந்தால் கஞ்சி குடித்துப் படுத்து எழுந்துவிடுவார்கள் என்றார்கள். முதலில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

சிஸ்டர் தேனுவிடம் சற்று நேரம் இருப்பதாகச் சொன்னதால் நான் அங்கே போய்ப் பார்த்தேன். மதிய நேரம். பாய் கதவுக்கு எதிரே பெஞ்சில் தனியாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார்.

“எங்க அண்ணன் புள்ளைங்களோட வந்திருந்தாரு. சின்னப் பொண்ணுக்கு மூக்கு ஒழுவிக்கினு இருந்துச்சி. நான் பாத்தேன்.”

பெஞ்சில் அவர் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

“அத்தா இல்லாத வூடுங்க எங்களுது. என்னிய வளத்து ஆளாக்குனதே அவருதான். பெருநாளு அன்னிக்கி வாசல்ல நிக்க வச்சி, மாஸ்க் போடுங்க, பொண்ண வெளிய வுடுங்கன்னு எப்டி சொல்லுவேன்? வாய் வரைக்கும் வந்துச்சி போஸ்ட் மாஸ்டர். வரல.”

டாக்டர் அந்த வழியாக வந்தபோது பாய் எழுந்து நின்று அதையே கேட்டார். அந்தப் பெண்ணிடமிருந்துதான் வந்ததா என்று. டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். “யாருகிட்டேர்ந்து வந்துச்சின்னு யாராலயும் சொல்ல முடியாது பாய். இங்க வெளிய வெயிட் பண்ற ஹால்லயும் வந்திருக்கலாம். பஸ்ல வந்திருக்கலாம். அதை நெனச்சிக்கிட்டு இருக்காதீங்க.” பாய் தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்பது கண்களில் தெரிந்தது.

“நீங்க போங்க. தேனு தனியா இருக்கும்” என்றார் என்னிடம். எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கலாம். நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்று எத்தனையோ முறை சொன்ன வாய்தான். அன்று சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து அறையின் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். விடிவதற்கு முன்பே உடலைக் கொண்டுபோய்விட்டார்கள். பாய் வார்டுப் பக்கம் வரவில்லை. அந்த இடத்தைத் திரும்பப் பார்க்க அவருக்கு மனம் வந்திருக்காது.

அஸ்லம் எங்கே என்று தேனு கேட்டாள். ஊருக்குப் போய்விட்டான் என்றேன். கண்ணாடியில் ஊதி எழுத நினைத்தவள், அந்தப் பக்கம் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கையால் அழித்தாள்.

பாய்க்கு போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். பிறகு ஒரு நாள் மணி அடித்தது. எடுப்பதற்குள் நானே துண்டித்துவிட்டேன். தேனு பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் அவர் காதில் விழ வேண்டாம் என்று பட்டது. அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

சில வாரங்களில் எங்களுக்கும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அஸ்லமுக்குச் சொன்ன அதே வார்த்தைகளை டாக்டர் எனக்கும் சொன்னார். புதூர்நாட்டுக்குப் போகிற ஜீப்பில் ஆட்கள் தோளோடு தோள் உரசித்தான் வருவார்கள். நான் தனி ஜீப் பிடித்தேன். வீட்டுக்கு முன்னால் ஊரே நின்றிருந்தது. முன்வரிசையில் என் அண்ணன், தோளில் பலாப்பழத்தோடு.

நான் ஜீப்பிலிருந்து இறங்காமல் அண்ணனைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி அஸ்லமைப் பற்றிச் சொன்னேன். அஸ்லம் என்று ஒரு பையன் இருந்தான், எங்கள் பக்கத்து அறை, நோய் அடங்கி வீட்டுக்குப் போனான், சொந்தக்காரப் பிள்ளைக்குச் சளி இருந்தது, கவசம் போடச் சொல்ல அவன் அப்பாவுக்கு வாய் வரவில்லை, பையன் போய்விட்டான் என்று. அண்ணன் பழத்தை வேலி ஓரம் இறக்கி வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். “நாங்க கொல்லி வேலியாண்ட நின்னு பாத்துக்கறம். நீ புள்ளைய உள்ள கூட்டிப் போ” என்றார்.

இரண்டு வருடங்கள் அப்படியே நடந்தது. அண்ணன் தினமும் வேலிக்கு வெளியே நின்று கத்திப் பேசி அவளைச் சிரிக்க வைப்பார். இருமல் வந்த அண்டை வீட்டார் தாங்களாகவே விலகிப் போவார்கள். புதிதாக யாராவது வந்தால் நான் சொல்லவே வேண்டியதில்லை. ஊர்க்காரர்களே, “தெரியாதா, ஆஸ்பத்திரியில அஸ்லம்னு ஒரு பாய் வூட்டுப் பையன்...” என்று தொடங்கிவிடுவார்கள். என் மகளைக் காத்ததில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் கதைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. யாருடைய இழப்பையோ எடுத்து எங்கள் வாசலில் காவலுக்கு நிறுத்தியிருந்தேன்.

சிகிச்சை முடிந்த அன்று டாக்டர், “இனிமே ஸ்கூலுக்கு மாஸ்க் வேணாம். மத்தப் பசங்க மாதிரி இருக்கட்டும். இங்க செக்கப்புக்கு வரும்போது மட்டும் போட்டுக்கிட்டு வாங்க” என்றார். எப்போது போட வேண்டும் என்று கேட்டு நிற்கும் நாம், எப்போது கழற்றலாம் என்று கேட்க மறந்துவிடுகிறோம். அதையும் கேளுங்கள். தேனு முதல் நாள் வெறும் முகத்தோடு பள்ளிக்குப் போகக் கூச்சப்பட்டாள். புறங்கையால் வாயை மூடிக்கொண்டே போனாள்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து நான் வாணியம்பாடிக்குப் போனேன். பாயுடைய அண்ணன் அங்கே செருப்புக்கடை வைத்திருப்பதாக அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. விசாரித்துக் கண்டுபிடித்தேன். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கல்லாவில், ஒருவர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு. இருவருக்கும் அடர்ந்த புருவம். இருவரும் ஒரே சாடை. நான் மாதக்கணக்கில் பக்கத்தில் வாழ்ந்த மனிதர் அந்த இருவரில் யார் என்று எனக்குத் தெரியவில்லை. படியில் நின்றுவிட்டேன்.

“வாங்க. இன்னா சைஸ் பாக்கறீங்க?” என்றார் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்.

அந்தக் குரல்தான். “பாய்” என்றேன்.

அவர் கையிலிருந்த பெட்டியோடு நின்றார். மெதுவாக அதைக் கீழே வைத்தார். “போஸ்ட் மாஸ்டரா?” பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்தார். “மீசை வச்சிருக்கீங்க. நான் இத்தினி நாளா உங்கள மீசை இல்லாம நெனச்சிக்கினு இருந்தேன்.”

அண்ணனிடம் சொல்லிவிட்டு என்னை எதிரே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கம்பெனி வேலையை விட்டுவிட்டு இப்போது அண்ணன் கடையிலேயே இருப்பதாகச் சொன்னார். முன்பற்களுக்கு நடுவே சிறிய இடைவெளி, மோவாயில் நரைத்த தாடி. அவர் டீ குடிப்பதை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். டம்ளர் விளிம்பை ஊதி ஊதிக் குடித்தார். தேனுவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

“ஸ்கூலுக்குப் போறா பாய்” என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார். “அல்லா காப்பாத்தட்டும்” என்றார். பிறகு, “அஸ்லம் ஒரு நாளு கேட்டான். ‘அத்தா, போஸ்ட் மாமாவுக்கு வாய் இருக்குதா’ன்னு. நெஜமாத்தான் கேட்டான்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இருவருக்கும் கண் கலங்கியது.

மலையில் அவனைப் பற்றி எல்லாரிடமும் சொன்னதை அவரிடம் மறைக்க என்னால் முடியவில்லை. ஜீப்பில் உட்கார்ந்தபடி சொன்னது, ஊர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது, அதனால் தேனு பிழைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறேனா, நன்றி சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் கடைப் பக்கம் பார்த்தார். அண்ணன் ஒரு பெண்ணுக்குச் செருப்புக் காட்டிக்கொண்டிருந்தார்.

“நான் யார்கிட்டயும் சொல்லல போஸ்ட் மாஸ்டர். அவருக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கி சளி இருந்துச்சின்னு ஞாபகம்கூட இருக்காது. தெரிஞ்சா மனுசன் செத்துடுவாரு. டாக்டரம்மாவும் சொல்ல முடியாதுன்னுதானே சொன்னாங்க.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “அங்க அவன் பேரச் சொன்னீங்களா?” என்றார்.

“சொன்னேன் பாய். எல்லாருக்கும் தெரியும்.”

“இங்க அவன் பேர யாரும் எடுக்கறதில்ல. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு.” டம்ளரைக் கீழே வைத்தார். “மலையிலயாவது சொல்லிக்கினு இருக்காங்க. இருக்கட்டும்.”

எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், பெயரை மாற்றிவிடுங்கள் என்றார். ரஃபீக், அஸ்லம் இரண்டும் நான் வைத்த பெயர்கள். ஊரையும் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது தேனுவுக்கு ஒரு செருப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நின்றார். சைஸ் எனக்குத் தெரியவில்லை. பாய் அலமாரிக்கு முன் நின்று ஒரு ஜோடியைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “அஸ்லமுக்கு இப்போ இது சரியா இருக்கும்” என்றார், தனக்குள் சொல்வதுபோல. அதை வைத்துவிட்டு அடுத்த சைஸை எடுத்தார். “தேனு ஒரு வயசு பெரிசு.”

மலைக்கு ஏறிய ஜீப்பில் பின்னால் யாரோ இருமினார்கள். என் தோள் தானாகவே திரும்பிக்கொண்டது. தேனு என் பக்கத்தில் இல்லை, அவளுக்கு இப்போது பயமும் இல்லை. உடம்பு அதைக் கேட்பதில்லை. நோய் வந்தது மகளுக்குத்தான் என்றாலும் என் உடம்பும் வேறு உடம்பாகிவிட்டது. ஒருவரைச் சந்தித்தால் முன்பு முகத்தைப் பார்ப்பேன். இப்போது முதலில் மூச்சைக் கேட்கிறேன். அது சீராக இருந்தால்தான் முகம் கண்ணில் படுகிறது.

தேனு ஏற்றத்தில் ஓடிவந்து பையைப் பிடுங்கினாள். இரைக்க இரைக்க நின்றாள். ஓடிவந்த பிள்ளையின் இரைப்புதான் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தாள். குதிகாலில் கொஞ்சம் இடம் இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டாள். அஸ்லமுடைய அப்பா என்றேன். அவள் நடப்பதை நிறுத்தி, காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும்.

“பெருசா இருக்குதே” என்றேன் சாந்தியிடம்.

சாந்தி தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். “இருக்கட்டும். அடுத்த வருசம் சரியாயிடும். வளர்ற புள்ளைதானே” என்றாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அப்பால் ஒரு நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. சாந்திக்கே அது பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். கையில் சோற்றை வைத்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு ஊட்டினாள்.